தேடல் பெட்டி வைத்த பிறகும் ஏன் யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை?

கேள்வி இதுதான்: "கிழக்கு பெங்களூரில் நாங்கள் நடத்தும் தமிழ் மன்றத்துக்கு ஒரு இணையதளம் இருக்கிறது. வகுப்புகள், நூலகம், ஹால் வாடகை, பழைய நிகழ்ச்சிகள் என்று பன்னிரண்டு வருஷத்துச் சங்கதி எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனாலும் எல்லோரும் வாட்ஸ்அப்பில் வந்துதான் கேட்கிறார்கள். போன மாதம் தேடல் பெட்டி வைத்தோம், பலனில்லை. தகவல் கட்டமைப்பைச் சரிசெய்யுங்கள் என்கிறார் ஒருவர். அது என்ன? செய்தால் கூகுளிலும் தெரிவோமா?"

பதில் எழுத உட்காருமுன் உங்கள் தளத்துக்குள் போய் ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஹொரமாவில் குடியிருக்கும் ஓர் அப்பாவாக என்னை நினைத்துக்கொண்டேன். எட்டு வயது மகளை ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்க்க வேண்டும், கட்டணம் தெரிய வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

மேலே மெனுவில் ஆறு சொற்கள்: முகப்பு, எங்களைப் பற்றி, செயல்பாடுகள், வளங்கள், ஊடகம், இதர. வகுப்பு எதற்குள் இருக்கும்? செயல்பாடாகவும் இருக்கலாம், வளமாகவும் இருக்கலாம். 'செயல்பாடுகள்' திறந்தால் கலாசாரப் பிரிவு, கல்விப் பிரிவு, மகளிர் பிரிவு, பொருளாளர் அறிக்கை. கல்விப் பிரிவுக்குள் போனால் 'மொழிப் பயிற்சி முகாம்' என்று ஒரு வரி. அதை அழுத்தினால் ஒரு போஸ்டர் படம். கட்டணம் அந்தப் படத்தின் கீழ் மூலையில், பூ வேலைப்பாட்டுக்கு நடுவில் இருக்கிறது. திரும்பி வந்து தேடல் பெட்டியில் 'தமிழ் வகுப்பு' என்று அடித்தேன். முடிவுகள் இல்லை என்றது.

தேடல் பெட்டி பொய் சொல்லவில்லை. உங்கள் தளத்தில் 'தமிழ் வகுப்பு' என்ற சொல் எங்குமே இல்லை. ஊரே தமிழ் வகுப்பு என்று சொல்வதை நீங்கள் மொழிப் பயிற்சி முகாம் என்று எழுதி, அதையும் படத்துக்குள் பூட்டி வைத்திருக்கிறீர்கள். அப்புறம் அந்த மெனுவை இன்னொரு தடவை பாருங்கள். அது உங்கள் செயற்குழுவின் பொறுப்புப் பட்டியல். யார் எந்தப் பிரிவைப் பார்க்கிறார்களோ அதன்படி பக்கங்கள் பிரிந்திருக்கின்றன. வாசலில் வந்து நிற்பவருக்கு உங்கள் பொருளாளர் யார், கல்விச் செயலாளர் யார் என்பது எதற்கு?

தகவல் கட்டமைப்பு என்ற வேலை இதைத்தான் திருத்துகிறது. எதை எதோடு சேர்ப்பது, சேர்த்ததற்கு என்ன பெயர் வைப்பது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போவது, தேடினால் எப்படி அகப்படுவது என்ற நான்கும் அதற்குள் அடக்கம். அலங்காரம், நிறம், லோகோ எல்லாம் வேறு ஆளுடைய வேலை.

இந்தப் பெயரைப் பரவலாக்கியவர் ரிச்சர்ட் சால் வர்மன் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1976-ல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் கழகத்தின் மாநாட்டுக்கு அவர் வைத்த தலைப்பே 'தகவலின் கட்டடக்கலை'. எந்தத் தகவலையும் ஐந்தே விதமாகத்தான் அடுக்க முடியும் என்று பிற்பாடு சொன்னார்: இடம், அகரவரிசை, காலம், வகை, படிநிலை. ஐந்துதானா என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு, அது நமக்கு வேண்டாம். இவற்றில் அகரவரிசைதான் பலரையும் ஏமாற்றுவது. தேடும் பொருளின் பெயர் முன்பே தெரிந்தவருக்குத்தான் அது உதவும். உங்கள் ஹாலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை 'ஹா'வில் தேடுவார்களா, 'மண்டபம்' என்று 'ம'வில் தேடுவார்களா, 'கல்யாண மண்டபம்' என்று 'க'வில் தேடுவார்களா?

நம் மொழியிலேயே இந்த இரண்டு வழியும் இருந்திருக்கின்றன. திவாகரம் போன்ற நிகண்டுகள் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள் வகையாகச் சொற்களை அடுக்கின. மனப்பாடம் செய்கிறவருக்கு அது சௌகரியம். 1732-ல் வீரமாமுனிவர் சதுரகராதியில் அகர வரிசைக்கு மாறினார், அது புரட்டித் தேடுகிறவருக்கு சௌகரியம். அவரும் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கொட்டிவிடவில்லை. பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்காகப் பிரித்துவிட்டு அதற்குள்தான் வரிசைப்படுத்தினார்.

சரி, இந்தக் கதையில் நமக்கு, அதுவும் பெங்களூரில் இருக்கிற நமக்கு, மிக நெருங்கிய ஆள் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவரை 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக்கினார்கள். நூலகப் படிப்புக்காக லண்டன் போனபோது ஒரு பெரிய கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். துளையிட்ட இரும்புப் பட்டைகள், நட்டு, போல்ட்டு. அதே துண்டுகளைக் கொண்டு இன்றைக்குக் கிரேன், நாளைக்குப் பாலம் செய்யலாம். புத்தகங்களுக்கும் இப்படிச் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

அதுவரை நூலகங்களில் இருந்த முறைகள் பெரும்பாலும் மரம் மாதிரி. ஒரு புத்தகம் ஏதாவது ஒரு கிளையில்தான் உட்கார முடியும். 'தமிழ்நாட்டில் நெல் நோய்கள், 1950-களில்' என்ற புத்தகம் வந்தால் அதை நெல்லில் வைப்பதா, நோயில் வைப்பதா, தமிழ்நாட்டில் வைப்பதா? ரங்கநாதன் 1933-ல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டது. பொருளை முகங்களாக, அதாவது பயிர், நோய், இடம், காலம் என்ற கோணங்களாகப் பிரி, ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு குறி கொடு, நடுவில் முக்காற்புள்ளி போட்டுக் கோர்த்துக்கொள் என்றது. எந்த முகத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் புத்தகம் கிடைக்கும். பின்னால் அவர் பெங்களூருக்கே வந்துவிட்டார். 1962-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் கீழ் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை இங்கே தொடங்கினார், 1972-ல் இங்கேதான் இறந்தார். அந்த மையம் இன்றும் மைசூர் ரோட்டில் கழக வளாகத்துக்குள் நடக்கிறது. ஆன்லைனில் சட்டை வாங்கும்போது இடது ஓரத்தில் அளவு, நிறம், விலை, துணி என்று டிக் அடித்துச் சுருக்கிக்கொண்டே போகிறீர்களே, அதன் மூலக் கருத்து இவருடையது. வைட்ஃபீல்டின் ஐடி கம்பெனிகளில் அந்த வடிகட்டிகளை எழுதுகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்கு ஒரு சின்ன ஆதங்கம் உண்டு.

உங்கள் மன்றத்துக்கு இதனால் என்ன லாபம்? உங்களிடம் நூற்றுச் சொச்சம் நிகழ்ச்சிப் பக்கங்கள் இருக்கின்றன. எல்லாம் '2014', '2015' என்று வருஷக் கோப்புறைக்குள் கிடக்கின்றன. பட்டிமன்றம் எல்லாவற்றையும் பார்க்க விரும்புகிறவர் பன்னிரண்டு கோப்புறையைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கு முகம் கொடுங்கள்: என்ன வகை, யாருக்கு, எங்கே, எப்போது. பிறகு 'பிள்ளைகளுக்கு' என்றாலும் வரும், 'பட்டிமன்றம்' என்றாலும் வரும், '2019' என்றாலும் வரும். அதற்காக ஓரத்தில் பதினைந்து டிக் பெட்டி வைத்துவிடாதீர்கள். நூறு பக்கத்துக்கு நான்கே அதிகம். வடிகட்டிச் சேர்க்கைகள் ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி உண்டாகிப் பெருகினால், கூகுளின் க்ராலர், அதாவது அதற்காகத் தளங்களைப் படித்து வரும் நிரல், அந்த ஆயிரக்கணக்கான போலிப் பக்கங்களில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது பெயர். என்னைக் கேட்டால் பாதி வேலை இதில்தான்.

மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் சேலத்திலிருந்து வந்து இறங்கிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். கன்னடம் படிக்கத் தெரியாது. ஆனால் யாராவது '335ஈ ஏறுங்க, காடுகோடி போகும்' என்று சொல்லிவிட்டால் போதும். கொஞ்ச நாளில் 500 என்று தொடங்கினால் பெரும்பாலும் ரிங் ரோடு, கேஐஏ என்றிருந்தால் விமான நிலையம் என்று அவரே ஊகிக்கத் தொடங்கிவிடுவார். ஒரு பெயரைப் பார்த்து அடுத்த பெயரை ஊகிக்க முடிகிறதே, நல்ல பெயரமைப்பு என்று நான் சொல்வது அதைத்தான். உங்கள் மெனுவில் 'செயல்பாடுகள்' என்பதைப் பார்த்து யாரால் எதை ஊகிக்க முடியும்?

பழைய பேட்டைப் பக்கம் போனால் இன்னொரு பாடம். தரகுப்பேட்டை தானியத்துக்கு, அரளேபேட்டை பஞ்சுக்கு, கும்பார்பேட்டை குயவர்களுக்கு என்று தொழில் வாரியாகத் தெருக்களைப் பிரித்து, அந்தத் தொழிலையே பெயராக வைத்திருந்தார்கள். தெருப் பெயரே வழிகாட்டிப் பலகை. இன்றைக்குக் கும்பார்பேட்டைக்குப் போய்ப் பானை கேட்டால் சிரிப்பார்கள், அதற்கு மண்பாண்டக்காரர்கள் இருக்கும் பாட்டரி டவுன் (Pottery Town) போக வேண்டும். சரக்கு மாறிவிட்டது, பலகை அப்படியே நிற்கிறது. தெருவுக்கு அது அழகு. உங்கள் தளத்தில் 'கோடை முகாம்' என்ற தலைப்புக்குள் இப்போது வருஷம் முழுக்க நடக்கும் யோகா வகுப்பு இருக்கிறது, பார்த்தீர்களா?

பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது? உட்கார்ந்து யோசித்தால் வராது. ஆட்களைக் கூப்பிட வேண்டும். மூன்று வருஷம் முன்பு அல்சூரில் வேறொரு சிறு குழுவுக்கு இதைச் செய்தோம். மிஞ்சிப்போன கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி நாற்பத்தாறு சீட்டு செய்து, பின்பக்கம் ஒவ்வொன்றிலும் ஒரு விஷயம் எழுதினோம்: ஹால் வாடகை, நாதஸ்வரக் குழு தொடர்பு, சமையல்காரர் பட்டியல், நூலக நேரம், உறுப்பினர் சந்தா, கோலப் போட்டி முடிவு என்று. ஒன்பது பேர் வந்தார்கள். ஒரு கல்லூரிப் பையன், ஒரு ஆட்டோக்கார அண்ணன், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர், எதிர்வீட்டு மாமி, இப்படி. ஒருவர் ஒருவராக மாடியில் பாயில் உட்கார்ந்து, ஒன்றாகச் சேரும் என்று தோன்றுவதைச் சேர்த்து, அந்தக் குவியலுக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விதி. நாங்கள் வாயே திறக்கக் கூடாது.

அந்தக் குழுவின் பழைய தளத்தில் ஹால் வாடகை பொருளாளர் பிரிவில் இருந்தது. நாதஸ்வரக் குழு கலாசாரத்தில், சமையல்காரர்கள் 'வளங்களில்', பார்க்கிங் விதிகள் 'இதர'வில். ஒன்பது பேரில் எட்டுப் பேர் இந்த நான்கு சீட்டையும் ஒரே இடத்தில் வைத்தார்கள். ஆட்டோக்கார அண்ணன் வைத்த பெயர் 'வீட்டு விசேஷம்'. அதையே அப்படியே மெனுவில் போட்டோம். சீமந்தம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் என்று எதற்கு வந்தவரும் யோசிக்காமல் அதை அழுத்துகிறார்கள். எந்தக் குழுக் கூட்டத்திலும் அந்தச் சொல் பிறந்திருக்காது. மாமியிடம் 'இதர' என்ற பழைய மெனுவைக் காட்டியபோது, "தம்பி, தூக்கிப் போடறதுக்கு முன்னாடி வைக்கிற இடமா இது?" என்றார். அதற்கு மேல் அதை வைத்திருக்க எங்களுக்கு மனசு வரவில்லை.

எல்லாச் சீட்டும் இவ்வளவு சுலபமாக ஒதுங்காது. நூலக நேரத்தை நான்கு பேர் பிள்ளைகளின் வகுப்போடு வைத்தார்கள், மற்றவர்கள் தனியாக வைத்தார்கள். இப்படி வரும்போது பஞ்சாயத்து வேண்டாம். பக்கம் ஒன்றுதான், ஆனால் இரண்டு இடத்திலிருந்தும் அதற்கு லிங்க் கொடுக்கலாம். காகிதக் கோப்புக்கு இல்லாத வசதி இது.

இங்கே ஒரு இடைச்செருகல். 'எதுவும் மூன்று க்ளிக்குக்குள் கிடைக்க வேண்டும்', 'மெனுவில் ஏழுக்கு மேல் இருக்கக் கூடாது' என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். ஏழு என்ற எண் 1956-ல் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் குறுகிய கால நினைவைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. மெனு கண் முன்னால் இருக்கிறது, அதை யாரும் மனப்பாடம் செய்யப் போவதில்லை. க்ளிக் கணக்கும் அப்படித்தான். ஒவ்வொரு அடியிலும் சரியான பாதையில்தான் போகிறோம் என்று வாசனை பிடிக்க முடிந்தால் ஐந்து க்ளிக்கும் ஒருவர் போவார். வாசனை தப்பினால் இரண்டாவதிலேயே வாட்ஸ்அப்புக்குத் திரும்பிவிடுவார். வாசனை என்பது என் உவமை இல்லை. ஜெராக்ஸின் பார்க் ஆய்வகத்தில் பீட்டர் பிரோலி, ஸ்டூவர்ட் கார்ட் இருவரும் 1990-களில், மிருகங்கள் இரை தேடுவதோடு ஒப்பிட்டு இதை விளக்கினார்கள்.

இப்போது தேடல் பெட்டி. தமிழில் இதற்குத் தனித் தொல்லைகள் உண்டு, உங்கள் தளத்தை அமைத்த கம்பெனி இதையெல்லாம் யோசித்த மாதிரி தெரியவில்லை. 'நூலகம்' என்று தேடினேன். 'நூலகத்தில் புதிய வரவுகள்' என்ற பக்கம் வரவில்லை. வேற்றுமை உருபு சேர்ந்ததும் 'ம்' போய் 'த்து' வந்துவிட்டது, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் பெட்டிக்கு அது வேறு சொல். 'வகுப்பு' என்று தேடினால் 'வகுப்பில்' அகப்படாது. இதற்கு வேர்ச்சொல்லைப் பிரித்தெடுக்கும் நிரல் வேண்டும். ஸ்னோபால் என்ற திறந்த மூலத் தொகுப்பில் தமிழுக்கும் ஒன்று இருக்கிறது, உங்கள் ஆளிடம் அதைச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள்.

அப்புறம் எழுத்துக் குறி. உங்கள் ஆத்திசூடிப் போட்டிப் பக்கத்தில் 'ஒளவையார்' என்று இருக்கிறது. கண்ணுக்குச் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் அது ஒகரமும் ளகரமும் தனித்தனியாக அடித்தது. ஔகாரத்தை ஒரே எழுத்தாக அடித்து 'ஔவையார்' என்று தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் கிடைக்காது. 'எ' என்ற எழுத்துக்குப் பதில் தமிழ் எண் '௭' விழுந்திருந்தாலும் இதே கதைதான். 2014-க்கு முந்தைய உங்கள் ஆண்டு மலர்கள் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் இருக்கின்றன. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அவை ஆங்கில எழுத்துகளின் குவியல். அவற்றை யூனிகோடுக்கு மாற்றாத வரை எந்தப் பெட்டியாலும் அவற்றுக்குள் தேட முடியாது.

இந்த ஊரின் பெயரே ஒரு சோதனை. அரசு 2014 நவம்பர் 1 முதல் பெங்களூரு என்று மாற்றியது. நம்மவர்கள் பெங்களூர் என்றும் எழுதுகிறார்கள், பங்களூர் என்றும் எழுதுகிறார்கள், ஆங்கில எழுத்தில் அடிக்கிறவர்கள் வேறு. அல்சூர் என்பதும் ஹலசூரு என்பதும் ஒரே இடம். இப்படி ஒன்றுக்கொன்று சமமான சொற்களை ஒரு பட்டியலாக எழுதி, தேடலுக்குப் பின்னால் வைத்துவிடலாம். 'ஹால்' என்று அடித்தாலும் 'மண்டபம்' என்று அடித்தாலும் ஒரே பக்கம் வரும். கணிப்பொறி அறிவே வேண்டாம், நாற்பது வரி எக்செல் போதும்.

கூகுளைப் பற்றிக் கேட்டீர்கள். மேலே சொன்னதையெல்லாம் செய்தாலே முக்கால்வாசி முடிந்துவிடும். அதன் க்ராலர் லிங்க் பிடித்துத்தான் பக்கம் பக்கமாகப் போகிறது. எந்தப் பக்கத்திலிருந்தும் லிங்க் இல்லாத அநாதைப் பக்கங்கள் உங்களிடம் நிறைய. நூலகப் பட்டியலே அப்படித்தான் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் முகவரி வந்தவருக்கு மட்டும் தெரியும். 'இங்கே அழுத்தவும்' என்று லிங்க் வைக்காதீர்கள், 'ஞாயிறு தமிழ் வகுப்புக் கட்டணம்' என்று வையுங்கள். அடுத்த பக்கம் எதைப் பற்றியது என்று மனிதருக்கும் க்ராலருக்கும் அந்தச் சொற்கள்தான் சொல்கின்றன. பக்கத் தலைப்பு எல்லாவற்றிலும் மன்றத்தின் பெயர் மட்டும் இருக்கிறது, விஷயத்தை முதலில் போடுங்கள். போஸ்டரில் உள்ளதை எழுத்தாகவும் கீழே தட்டச்சு செய்துவிடுங்கள். முதலிடம் வருமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது, தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. மாற்றி அடுக்கும்போது பழைய முகவரிகளை உடைத்துவிடாதீர்கள். முகவரி மாறக் கூடாது என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 1998-லேயே தலையில் அடித்துக்கொண்டு எழுதினார். பன்னிரண்டு வருஷமாக ஜனங்கள் அனுப்பிக்கொண்ட லிங்குகள் எத்தனையோ வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கின்றன. ஒவ்வொரு பழைய முகவரியிலிருந்தும் புதியதற்கு 301 என்ற நிரந்தரத் திருப்பிவிடலை வைக்கச் சொல்லுங்கள்.

எங்கே தொடங்குவது என்றால், இந்த வாரம் மெனுவைத் தொட வேண்டாம். இரண்டு பட்டியல் எடுங்கள். ஒன்று, தேடல் பெட்டியில் ஜனங்கள் அடித்து ஒன்றும் கிடைக்காமல் போன சொற்கள். உங்கள் தள நிர்வாகப் பக்கத்தில் அந்தப் பதிவு இருக்கும், இல்லையென்றால் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு, கடந்த மூன்று மாதத்தில் வாட்ஸ்அப்பில் வந்த கேள்விகள், கேட்டவர் எழுதிய அதே வார்த்தையில். 'பாப்பாவை தமிழ் க்ளாஸ்ல சேக்கணும், ஃபீஸ் எவ்ளோ' என்றிருந்தால் அப்படியே. அவற்றைத் திருத்தி நல்ல தமிழாக்க உங்கள் செயலாளர் கை துறுதுறுக்கும், விடாதீர்கள். அந்தப் பட்டியல்தான் சீட்டில் எழுத வேண்டியது. பத்திரிகை அட்டைக்குக் கஷ்டமில்லை, வைகாசி முகூர்த்தங்கள் முடிந்ததும் எல்லார் வீட்டிலும் ஒரு கட்டு கிடக்கும்.